மாடி அறையின் கெட்டில்

நவம்பர் 3

அறை கிடைத்துவிட்டது. மொட்டைமாடியில் ஒற்றை அறை, தகரக் கதவு, ஒரு கட்டில், ஒரு பிளக் பாயிண்ட். பளுதூக்கும் பயிற்சிக் கூடத்துக்கு நடந்தே போய்விடலாம். இத்தனை நாளாகப் பேரணாம்பட்டிலிருந்து விடியற்காலை பஸ்ஸில் நின்றுகொண்டே வேலூர் வந்து, கூடத்தில் இறங்கும்போதே கால் செத்துப்போயிருக்கும். செத்த காலோடு ஸ்குவாட் போட்டால் முதுகுதான் போகும்.

ஜனவரி 11 மாநிலத் தேர்வு. 58 கிலோ பிரிவில் ஒரே ஒரு இடம். அதில் ஜெயித்தால் முகாம், முகாமுக்குப் பிறகு வேலை. தோற்றால் தோல் பதனிடும் ஷாப்பில் ஷிப்ட். தரையிலிருந்து தோளுக்கு, தோளிலிருந்து தலைக்கு மேலே நூறு கிலோ போக வேண்டும் என்கிறார் மாஸ்டர். நான் தொண்ணூற்றிரண்டில் நிற்கிறேன்.

கேட்டில் பலகை தொங்கியது: வாடகைக்கு. சைவம் மட்டும். வீட்டுக்காரம்மா பெயர் மங்கையர்க்கரசி. நெற்றி நிறைய விபூதி. என்ன சாதி என்று கேட்கவில்லை. படித்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

"ஊரு எதும்மா?"

"பேரணாம்பட்டு."

"ஓ, அங்கயா." என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்பா என்ன பண்றார்?"

"இல்லீங்க. அம்மா கடை வெச்சிருக்காங்க."

என்ன கடை என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

"முட்டை கூட உள்ள வரக்கூடாது. வாசனை எனக்குத் தெரிஞ்சுடும். நீ சைவந்தானே?"

"சைவந்தாங்க."

இது பொய் இல்லை. இன்று காலையிலிருந்து உண்மை. வெளியே தின்றுவிட்டு வாயைக் கழுவிக்கொண்டு படியேறும் வேலை எனக்கு வேண்டாம். இவர்கள் சோற்றைத் தின்றே அந்த நூறைத் தூக்கிக் காட்டுகிறேன்.

நவம்பர் 6

ஜெயசீலன் மாஸ்டரிடம் சொன்னேன். கையில் இருந்த சுண்ணாம்புத் தூளைத் தட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

"முட்டையுமா இல்ல?"

"இல்ல மாஸ்டர்."

"ரூமுக்கு அட்வான்ஸா வயித்தக் குடுத்துட்டு வந்திருக்க."

"யானை சைவம்தானே மாஸ்டர்." வீட்டுக்காரம்மா காலையில் சொன்னதை அப்படியே சொன்னேன்.

"யானை நாள் பூரா தின்னுகினே இருக்கும். நீ எப்ப இரும்புப் பார் தூக்குவ?"

கூடத்துப் பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் எண்பத்தைந்தைப் போட்டார். தோளுக்கு வந்தது. அதற்கு மேல் வரவில்லை.

நவம்பர் 10

மீல் மேக்கர், பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, எல்லாம் ஒரே நாளில். ஸ்குவாட்டில் கீழே உட்கார்ந்தபோது நடந்ததை எழுத மாட்டேன். பின்னால் பிடித்துக்கொண்டு நின்ற கூடத்துத் தோழி ரெஹானா பாரை விட்டுவிட்டு ஓடிவிட்டாள்.

நவம்பர் 17

எடை ஒரு கிலோவுக்கு மேல் இறங்கியிருக்கிறது. எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டிக்கொண்டதுதான் தப்பு. இப்போது வழி பிடிபட்டிருக்கிறது. பயறை ஊறவைத்து முளைகட்டித் தின்றால் வயிறு ஊதுவதில்லை. கூடம் முடிந்த கையோடு பாலில் பொட்டுக்கடலை மாவு. மதியம் கொள்ளும் சோறும், கூடவே கெட்டித் தயிர். சாயங்காலம் வேர்க்கடலை, வாழைப்பழம். பன்னீர் வாரத்துக்கு ஒரு முறைதான். பன்னீர் பணக்கார வீட்டுச் சைவம். கொள்ளு குதிரைக்கும் எனக்கும்.

அறையில் அடுப்பு கிடையாது. அம்மா வாங்கிக் கொடுத்த எலெக்ட்ரிக் கெட்டிலில்தான் எல்லாம் வேகிறது. பயறு பொங்கி மூடியைத் தள்ளும்போது பக்கத்திலேயே உட்கார்ந்து கவனிக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமைகளில் மங்கை அம்மா சுண்டல் தருகிறார். பேப்பர் கப்பில்தான் தருவார். மோரும் அப்படித்தான். பாத்திரம் கழுவித் திருப்பிக் கொடுக்கும் வேலை எனக்கு மிச்சம். நல்ல யோசனை உள்ள மனுஷி.

நவம்பர் 23

வியாழக்கிழமை அம்மா போன்.

"ஞாயித்துக்கிழம வந்து ரூமப் பாக்கட்டுமாடி?"

"வேணாம்மா. கூடத்துல வேல இருக்கும்."

"ஞாயித்துக்கிழமயுமா?"

"ஆமா."

"கொஞ்சம் வறுத்து எடுத்தாரேன். எலும்பாப் போயிருப்ப."

"இங்க அதெல்லாம் கொண்டாரக் கூடாதும்மா."

போனில் கடைச் சத்தம். வாணலியில் கரண்டி உரசும் சத்தம். "சரி, வெச்சுடறேன், ஆளு நிக்குது" என்றாள்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. கூடம் விடுமுறை. துணி துவைத்தேன்.

நவம்பர் 30

தொண்ணூற்றிரண்டு திரும்பி வந்துவிட்டது. சுத்தமாக, தடுமாற்றம் இல்லாமல். கொள்ளு எந்தக் கடையில் வாங்குகிறாய் என்று மாஸ்டர் கேட்டார்.

சாயங்காலம் மங்கை அம்மாவின் சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். என்னைக் கூப்பிட்டு வாசற்படியில் நிறுத்தினார்.

"இந்தப் பொண்ணு கையப் பாருங்க. அத்தனையும் பருப்பு. கறி தின்னாத்தான் பலம்னு சொல்றவங்களுக்கெல்லாம் இவளக் காட்டணும். கைய மடக்கும்மா."

மடக்கிக் காட்டினேன். ஒரு பெரியவர் வந்து தொட்டுப் பார்க்க நினைத்தார். மங்கை அம்மா எதற்கோ அவரைக் கூப்பிட்டார், போய்விட்டார். உள்ளே சோபாவில் இடம் இல்லை. அதனால்தான் நான் படியிலேயே நின்றேன்.

டிசம்பர் 4

இந்த வீட்டு மருமகள் கோகிலா. ஏழாம் மாசம். புருஷன் குகன் ஓசூரில் வேலை, சனிக்கிழமை மட்டும் வருவான். கோகிலாவுக்கு அம்மா இல்லை, பிரசவமும் இங்கேதான். துணி காயப்போட மாடிக்கு வருவாள். தலையைக் குனிந்து சிரிப்பாள், போய்விடுவாள். இன்று போகவில்லை.

"நேத்து டாக்டர்கிட்டப் போனேன்கா. குழந்த எடை பத்தலையாம். எனக்கு ரத்தமும் இல்ல. முட்டை சாப்பிட்டே ஆகணும்னுட்டாங்க."

"வீட்ல சொன்னியா?"

"அவர் போன்ல சரின்னுட்டார். அத்தை, நாங்கல்லாம் பருப்புல பெத்தவங்கதான்னாங்க. அதுக்கு மேல அவரும் பேசல." கையில் பிழிந்த துணி சொட்டிக்கொண்டிருந்தது. "உங்க கெட்டில்ல ரெண்டு முட்டை வேக வெச்சுத் தருவீங்களா? உங்களுக்குப் பழக்கம் இருக்குமில்ல."

எனக்கு ஏன் பழக்கம் இருக்கும் என்று நான் கேட்கவில்லை. அவள் துணியை உதறிக் கொடியில் போட்டாள்.

மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். அறை போனால் தேர்வு போச்சு. தேர்வு போனால் தோல் ஷாப். இதெல்லாம் தெரிந்துதான் சரி என்றேன். ஏன் என்று தெரியவில்லை.

டிசம்பர் 6

முட்டையைக் கூடத்துப் பக்கத்துக் கடையில் வாங்கி, சாக்ஸுக்குள் வைத்து எடுத்து வந்தேன். மங்கை அம்மா கோயிலுக்குப் போன நேரம். கதவைச் சாத்திக்கொண்டு கெட்டிலைப் போட்டேன். வாசனை போக மஞ்சள்தூள் ஒரு சிட்டிகை.

கோகிலா பிறந்ததிலிருந்து முட்டையைத் தொட்டதில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு மிளகுத்தூளில் புரட்டி வெள்ளையை விழுங்கினாள். கண்ணில் தண்ணீர் நின்றது. மஞ்சள் கரு தொண்டையில் இறங்கவில்லை. துப்பிவிட்டு, "சாரிக்கா, சாரிக்கா" என்றாள்.

"நீங்க சாப்பிடுங்களேன். வீணாப் போகுது."

"நான் சைவம்" என்றேன்.

முதலில் முழித்தாள். பிறகு இரண்டு பேருமே சத்தம் வராமல் சிரித்தோம். அவளுக்கு வயிறு குலுங்கிப் புரையேறிவிட்டது.

மஞ்சள் கருவைக் காக்கைக்குப் போட்டேன். எனக்கு வாய் ஊறியது. உடம்பு கேட்டது, அவ்வளவுதான். கொடுக்கவில்லை.

டிசம்பர் 12

இது நாள் தவறாமல் நடக்கிறது. ஓடுகளைப் பாலித்தீன் கவரில் முடிந்து, பையில் பெல்ட்டுக்கு அடியில் வைத்து, கூடத்துக் குப்பைத்தொட்டியில் போடுகிறேன். கெட்டிலை எலுமிச்சைத் தோலால் தேய்க்கிறேன். மங்கை அம்மா படியில் ஏறும் சத்தம் கேட்டாலே நெஞ்சு பாருக்கு அடியில் மாட்டிக்கொண்டது போல ஆகிறது. நேற்று மாடிக்கு வந்து கதவருகில் நின்று மூச்சை இழுத்தார்.

"என்னம்மா வேகுது?"

"கொள்ளுங்க."

"நல்லது. கொள்ளு ரொம்ப நல்லது."

உள்ளே கட்டிலுக்கு அடியில் கிண்ணத்தில் இரண்டு முட்டை சூடாக இருந்தது.

டிசம்பர் 21

அம்மா சொல்லாமல் கிளம்பி வந்துவிட்டாள். நல்லவேளை, பஸ் ஸ்டாண்டிலிருந்து போன் செய்தாள். ஓடினேன். வேலூருக்கு வருவதற்காகப் பட்டுச்சேலை கட்டியிருந்தாள். கையில் தூக்கு.

"வீடு எந்தப் பக்கம்?"

"டீ குடிக்கலாம் வா."

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். அம்மா என் தோளை அமுக்கிப் பார்த்தாள். "வெறும் பயிறு தின்னாடி இப்படி ஆன?"

"ஆமாம்மா."

"பரவால்லயே." தூக்கை மடியில் வைத்துக்கொண்டாள். "அந்த அம்மா கிட்ட என்னைப் பத்தி இன்னா சொல்லி வெச்சிருக்க?"

"கடை வெச்சிருக்கன்னு."

"இன்னா கடைன்னு?"

"அவங்க கேக்கல."

"கேட்டா?"

டீ சூடாக இருந்தது. ஊதி ஊதிக் குடித்தேன். தூக்கை ரெஹானாவுக்குக் கொடு என்று அம்மா என் கையில் வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டாள். அவளுக்குக் கடை திறக்கும் நேரம்.

இங்கே எழுதினால் யார் பார்க்கப் போகிறார்கள். பேரணாம்பட்டு பஸ் ஸ்டாண்டு ஓரம் மாட்டுக்கறி வறுவல் போடுகிறாள் என் அம்மா. அந்தக் கறியைத் தின்றுதான் என் எலும்பு வளர்ந்தது. முதன்முதலில் பாரைத் தொட்டதும் அந்த உடம்போடுதான்.

ஜனவரி 1

தொண்ணூற்றெட்டு. மேலே போய் நின்றது. மாஸ்டர் விசிலை வாயிலிருந்து எடுக்க மறந்துவிட்டார்.

கோகிலாவுக்கு ரத்தம் ஏறியிருக்கிறது. குழந்தையும் எடை போட்டிருக்கிறதாம். "முருங்கைக்கீரை, மாதுளம்பழம். நான் சொன்னேனா இல்லையா?" என்று மங்கை அம்மா எனக்குப் பேப்பர் கப்பில் கேசரி கொடுத்தார். கோகிலா பின்னால் நின்று முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

ஜனவரி 7

கோபம் இன்னும் அடங்கவில்லை. எழுதிவிட்டால் அடங்குமோ என்று பார்க்கிறேன்.

மார்கழி என்பதால் மங்கை அம்மா விடியற்காலையில் தெருவை அடைத்துக் கோலம் போடுவார். நான் கூடத்துக்குக் கிளம்பும் நேரம் அது. கோலத்தை மிதிக்காமல் ஓரமாகத் தாண்டிப் போவேன். இன்று தாண்டும்போது பையின் அடித்தையல் விட்டுப்போனது. பெல்ட், ஷூ, டேப் எல்லாம் சரிந்தன. கூடவே அந்தக் கவர். முடிச்சு அவிழ்ந்து ஓடுகள் கோலத்தின் நடுவில் சிதறின.

வெள்ளைக் கோலத்தில் வெள்ளை ஓடு. அவருக்கு முதலில் தெரியவில்லை. "பார்த்து வாம்மா" என்றபடி எனக்காகக் குனிந்து பொறுக்கினார். ஒரு துண்டு விரலில் நொறுங்கியது. உள்பக்கத் தோல் ஒட்டிக்கொண்டது.

"என்ன இது?"

கோகிலா பரங்கிப்பூத் தட்டோடு வாசலுக்கு வந்து நின்றாள்.

"என்னதுன்னு கேக்கறேன்."

"இது என்னுது இல்லீங்க."

"உன் பையிலருந்து விழுந்துச்சு. உன்னுது இல்லையா?"

"நான் ஒரு முட்டை கூடத் தின்னலைங்க. இந்த வீட்டுக்கு வந்த நாள்லருந்து."

"அப்ப யாரு தின்னா? நானா? இவளா?" கோகிலாவைக் காட்டிச் சிரித்தார். நிஜமாகவே சிரித்தார். அந்த வார்த்தைக்கு உலகத்தில் இடமே இல்லை என்பது போல.

கோகிலா என்னைப் பார்த்தாள். அவள் கை வயிற்றில் இருந்தது. ஒரு வார்த்தை சொல்வாள் என்று நான் காத்திருந்தேன். பால்காரன் சைக்கிளை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தான். அவள் சொல்லவில்லை.

நான் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனியில்தான் இருந்தது. சொன்னால் அறை மிஞ்சியிருக்காது, அவளுக்கு முட்டையும் நின்றிருக்கும். கணக்குப் போட்டுத்தான் சும்மா இருந்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

மங்கை அம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார். கத்தவில்லை. வருத்தமாகத்தான் பேசினார். அதுதான் தாங்கவில்லை.

"நீ பேரணாம்பட்டுன்னு சொன்னப்பவே எனக்குத் தெரியும்மா. எந்தத் தெரு, என்ன கடை, எல்லாமே விசாரிச்சேன். தெரிஞ்சேதான் விட்டேன். ஒரு பொண்ணு நம்ம வீட்டுக்கு வந்து திருந்தட்டுமேன்னு."

திருந்தட்டும்.

பேப்பர் கப். வாசற்படி. தொட வந்த பெரியவர். எல்லாம் அன்றே தெரிந்ததுதான். தெரியாத மாதிரி எழுதி வைத்தேன்.

"நான் என்னாங்க தப்பு பண்ணேன் திருந்தறதுக்கு?"

"சாயங்காலத்துக்குள்ள காலி பண்ணிடு" என்று சொல்லிவிட்டு வாளித் தண்ணீரைக் கோலத்தின் மேல் ஊற்றினார். நான் நின்ற இடத்திலும் சேர்த்து.

தேர்வுக்கு இடையில் மூன்றே நாள்தான் இருக்கிறது. பாய், துணி, பயறு டப்பா, ஷூ, எல்லாவற்றையும் கட்டினேன். பிளக்கைக் கூடத் துடைத்து வைத்தேன். கெட்டிலை மட்டும் மறந்துவிட்டேன்.

ஜனவரி 8

பேரணாம்பட்டு. மாஸ்டர் கூடத்துக்கு வர வேண்டாம் என்றுவிட்டார். "கனமாத் தூக்குற வேலயெல்லாம் முடிஞ்சுது. தூங்கு. சாப்பாட்ட மட்டும் மாத்தாத. இப்ப போய் கறி தின்னு வயித்தக் கெடுத்துக்காத. புரியுதா?"

அம்மா தட்டில் வறுவலை அள்ளி வைத்தாள். நான் தட்டைத் தள்ளினேன்.

அம்மாவின் முகம் மாறியது. "அங்கருந்து தொரத்திட்டாங்க. இன்னமும் அந்த அம்மாவுக்காகவா?"

"இல்லம்மா. பாருக்காக. ஞாயித்துக்கிழம வரைக்கும்."

தட்டை எடுத்து மூடி வைத்தாள். பிறகு எழுந்து போய்க் கடையின் இன்னொரு அடுப்பைப் பற்றவைத்துக் குக்கரில் கொள்ளைப் போட்டாள். ஒரு பக்கம் கறி வறுபட, மறு பக்கம் கொள்ளு விசில் அடித்தது. வாடிக்கையாக வரும் லாரி டிரைவர் மோந்து பார்த்து, "இன்னாக்கா, கடைய மாத்திட்டியா?" என்றார்.

"என் பொண்ணு சாமியாராயிட்டா" என்றாள் அம்மா.

அவ்வளவு கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

ஜனவரி 10

எடை சரியாக இருக்கிறது. தூக்கம்தான் வரவில்லை. கண்ணை மூடினால் நொறுங்கும் ஓடு.

ஜனவரி 11

தூக்கிவிட்டேன்.

ஒரே இழுப்பில் தலைக்கு மேல் தூக்கும் ஸ்னாட்ச்சில் இரண்டாவதாகத்தான் இருந்தேன். சேலத்துப் பெண் இரண்டு கிலோ முன்னால் இருந்தாள். தோளில் நிறுத்தித் தூக்கும் ஜெர்க்கில் அவள் தொண்ணூற்றேழோடு நின்றாள். நான் நூறு கேட்டேன். முதல் தடவை முன்பக்கம் சாய்ந்து விழுந்தது. பலகை அதிர்ந்ததில் பல் கூசியது. மாஸ்டர் தண்ணீர் கொடுத்தார். அம்மா முன்வரிசையில் அதே பட்டுச்சேலையில் உட்கார்ந்திருந்தாள். இந்த முறை நான்தான் கூட்டி வந்தேன்.

இரண்டாவது தடவை பாரைப் பிடித்தபோது தலைக்குள் எதுவுமே இல்லை, அந்த ஒரு வார்த்தையைத் தவிர. திருந்தட்டும். தோளுக்கு வந்தது. கால் நடுங்கியது. நடுக்கம் நிற்கும் வரை காத்திருந்தேன். பிறகு அந்த வார்த்தையைத் தலைக்கு மேலே தள்ளினேன். நடுவர்களின் விளக்கு மூன்றும் வெள்ளை, தூக்கு செல்லும், அந்த ஒரு இடம் எனக்கு.

கீழே இறங்கியதும் உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் ஒருவர் போனை நீட்டினார்.

"நீங்க சுத்த சைவம்னு சொல்றாங்களே, உண்மையா?"

ஆமாம் என்றால் மங்கை அம்மாக்களுக்கு நான் ஒரு பொம்மை. இல்லை என்றால் இரண்டு மாசம் பாடுபட்டது பொய்யாகிவிடும். இரண்டுமே எனக்கு வேண்டாம்.

"ரெண்டு மாசமா கொள்ளும் பயிறும்தான். அதுல நூறு வரும், நான் தூக்கிட்டேன். அதுக்கு முன்னாடி பதினெட்டு வருஷம் மாட்டுக்கறி. அதோ உக்காந்திருக்காங்க பாருங்க, எங்கம்மா. பேரணாம்பட்டு பஸ் ஸ்டாண்டுல வறுவல் கடை வெச்சிருக்காங்க. ரெண்டையும் எழுதுங்க. ஒண்ண மட்டும் எழுதாதீங்க."

"கண்டிப்பா" என்றார்.

கடைக்குத் திரும்பியதும் அம்மா வறுவலை வைத்தாள். தின்றேன். மறுபடி வைத்தாள். அதையும் தின்றேன். காரத்தில் கண்ணில் தண்ணீர்.

ஜனவரி 13

பத்திரிகையில் வந்திருக்கிறது. தலைப்பு: "சைவ உணவில் சாதித்த மாணவி." அம்மாவைப் பற்றி ஒரு வரி. "சிறுதொழில் செய்து மகளை ஆளாக்கிய தாய்."

அம்மா அந்தப் பக்கத்தைக் கிழித்து வறுவல் கட்டினாள். முதல் பொட்டலம் எனக்கு.

ஜனவரி 14

இன்று கோகிலாவிடமிருந்து செய்தி. என் நம்பரை எப்படிப் பிடித்தாள் என்று தெரியவில்லை.

"அக்கா, அன்னைக்கு வாயே வரல. என்னை மன்னிக்க வேணாம். பேப்பர்ல வந்தத அத்தை எல்லாருக்கும் அனுப்பிட்டிருக்காங்க, எங்க மாடியில இருந்த பொண்ணுன்னு. ரூம் சாவி என்கிட்டதான் இருக்கு. அவங்க கோயிலுக்குப் போற நேரத்துல மேல போயிடறேன். முட்டை பால்காரர் வாங்கித் தர்றார். இப்பல்லாம் மஞ்சக்கருவும் இறங்குது. உங்க கெட்டில் இங்கயே இருக்கு. எப்படிக் குடுத்தனுப்பறது?"

கோபம் போய்விட்டது என்று எழுதினால் பொய். போகவில்லை. அவள் மேலும் இருக்கிறது.

பதில் போட்டேன்: "கெட்டில் அங்கயே இருக்கட்டும். அது என்னுது இல்ல."